ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத பிரேக்

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சொல்லும் மறுப்புகள் எங்களுக்கு மனப்பாடம். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை. பிரீமியத்துக்குக் கொடுத்த காசோலை திரும்பிவிட்டது. சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி எடுத்துவிட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார். அடிபட்டவர் மேல்தான் முழுத் தப்பும். இவற்றுக்கு வெளியே புதிதாக ஒன்று வந்தால் வக்கீல்கள் அறையில் அன்றைய பேச்சே அதுதான். வண்டியின் பிரேக்கை நல்லதாக மாற்றிவிட்டார் என்பதையே குற்றமாக வைத்து ஒரு கம்பெனி பணம் தர மறுத்ததை நான் ஒரே ஒரு வழக்கில்தான் பார்த்தேன். அதில் வண்டி உரிமையாளருக்காக ஆஜரானவன் நான்.

உரிமையாளர் கோவையில் ஒரு நூற்பாலையில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாய்மாமா குன்னூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மேனேஜரிடமிருந்து வாங்கிய 1957 மாடல் எம்ஜிஏ 1500 கடைசியில் இவரிடம் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1955 முதல் 1962 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர் உட்காரலாம். 1489 சிசி என்ஜின். ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போய்விட்டது. நம் பக்கம் கண்ணில் படுவது அபூர்வம். பெட்டியில் பூட்டி வைக்கிற சாமான் போல அதை வைத்திருக்க அவருக்கு மனமில்லை. மாதம் ஒரு முறையாவது குன்னூருக்கு ஓட்டிப் போய்விட்டு வருவார்.

அந்த மாடலில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். சமவெளியில் ஓட்டுகிறவருக்கு அதில் குறை தெரியாது. மலையிறக்கத்தில்தான் அதன் குணம் வெளிப்படும். டிரம்முக்குள் ஷூ உரச உரச இரும்பு சூடேறி விரிகிறது, விரிந்த டிரம் ஷூவை விட்டு விலகுகிறது, பெடல் கீழே இறங்குகிறது. லைனிங்கும் சூட்டில் பிடிமானத்தை இழக்கிறது. போதாததற்கு, பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி 140 டிகிரியோடு நின்றுவிடுகிறது. கொதித்த ஆயில் குழாய்க்குள் ஆவியானால், மிதிக்கிற மிதியெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பர்லியாறு பழக்கடைகளுக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டி, லைனிங் கருகிய வாடை அடங்கும்வரை ஒரு நாள் காத்திருந்திருக்கிறார். அன்றைக்கே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போடுவதென்று முடிவு செய்துவிட்டார்.

அவர் செய்ததைக் கண்டபடி செய்த மாற்றம் என்று சொல்ல முடியாது. 1959-ல் அதே கம்பெனி அதே காரை 1600 என்ற பெயரில் விற்றபோது முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்துத்தான் விற்றது. வெளிநாட்டிலிருந்த ஓர் உறவினர் மூலம் 1600-இன் ஸ்டப் ஆக்ஸில், ஹப், காலிப்பர், டிஸ்க் எல்லாவற்றையும் பழைய சாமானாக வரவழைத்து, கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் டிஸ்க்குகளைச் சீர்செய்து மாட்டினார். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சின்ன வால்வு ஒன்று உண்டு. அதை அப்படியே விட்டால் டிஸ்கில் பேட் எந்நேரமும் உரசிக்கொண்டிருக்கும் என்று தெரிந்து அதையும் கவனித்திருந்தார். பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும் என்பதால் பின் டிரம்மில் கைவைக்கவில்லை. எதை எந்தத் தேதியில் மாற்றினார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பட்டறைக்காரரிடம் மட்டும் பில் வாங்கவில்லை.

விபத்து மலையில் நடக்கவில்லை. எல்லா வளைவும் இறங்கி முடித்து, கல்லாறு தாண்டி, இருபுறமும் பாக்குத் தோப்பு நிற்கும் நேர்ச்சாலையில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. இவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார். பின்னால் டிவிஎஸ் 50-இல் வந்தவர் காரின் பின்புறத்தில் மோதி விழுந்தார். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி அவர். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கம்பி வைத்துக் கட்டி, கடைசியில் நடக்க முடிந்தது, சுமக்க முடியவில்லை.

முதல் தகவல் அறிக்கையில், கார் ஓட்டியவர் திடீரென்று பிரேக் போட்டதால் விபத்து என்று எழுதப்பட்டது. பெரிய வண்டியும் சிறிய வண்டியும் மோதினால் எந்தப் பக்கம் எழுதுவார்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகு வழக்கம்போல் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைச் சோதித்தார். இந்த அறிக்கைகளின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: இயந்திரக் கோளாறு விபத்துக்குக் காரணம் அல்ல. எத்தனையோ வழக்குகளில் அந்த வரியைத் தவிர வேறு எதையும் நாங்கள் படிப்பதே இல்லை. இந்த இன்ஸ்பெக்டரோ காரை ரசித்துப் பார்த்திருக்க வேண்டும். பாராட்டாகவோ என்னவோ, முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் பொருத்தப்பட்டுள்ளது என்று ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டுப் போனார். கம்பெனியின் விசாரணையாளர் கண்ணில் பட்டது அந்த வரிதான்.

தொழிலாளி இழப்பீட்டு மனு போட்டார். இந்த மனுக்களில் உரிமையாளர் முதல் எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாவது. காகிதத்தில் இருவரும் ஒரே பக்கம். ஆனால் கம்பெனி பாலிசியையே மறுக்கும் நாளில் உரிமையாளருக்கு எதிரே மனுதாரர் ஒருவர், பக்கத்திலேயே இன்னொருவர் என்று இரண்டு எதிராளிகள் ஆகிவிடுகிறார்கள். அந்த நாள் வரை உரிமையாளர்கள் பெரும்பாலும் கோர்ட்டுக்கே வருவதில்லை, இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறார்கள். அப்படி இருந்துவிட்டு, தீர்ப்பான பிறகு ஜப்தி நோட்டீசோடு ஓடிவருகிறவர்களை எல்லா வக்கீல்களும் பார்த்திருப்பார்கள். இவர் சம்மன் வந்த வாரமே வந்துவிட்டார்.

கம்பெனியின் முதல் வாதம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன், வண்டியில் மாற்றம் செய்ய வேண்டுமானால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்கலாம் என்று அந்தப் பிரிவு இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று ஆனது. உற்பத்தியாளர் டிரம் வைத்தார், நீங்கள் டிஸ்க் வைத்தீர்கள், ஆகவே சட்டத்தை மீறினீர்கள் என்றது கம்பெனி. மேலோட்டமாகக் கேட்டால் சரியாகத்தான் படும். ஆனால் சட்டம் பேசுவது வண்டியின் எல்லா உறுப்புகளையும் பற்றி அல்ல, பதிவுச் சான்றில் ஏறிய விவரங்களைப் பற்றி மட்டும். இவருடைய ஆர்.சி. புத்தகத்தை நீதிபதி முன்னால் பிரித்துவைத்தேன். என்ஜின் எண், சேசிஸ் எண், சிலிண்டர் எத்தனை, சிசி எவ்வளவு, எத்தனை பேர் உட்காரலாம், எடை என்ன, நிறம் என்ன என்று எல்லாம் இருந்தது. பிரேக் என்று ஒரு கட்டம் இல்லை. காருக்குச் சிவப்பு மாற்றிப் பச்சை அடித்தால் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும்; அதை நிறுத்துகிற உறுப்பை மாற்றினால் சொல்ல இடமே கிடையாது. வாதத்தில் ஜெயிப்பதற்கு வசதியான ஓட்டைதான். ஆனாலும் அதைக் காட்டிப் பேசும்போது எனக்கு முழு நிம்மதி இருந்தது என்று சொல்ல மாட்டேன். விதி வைத்தவர்கள் அதை மனதில் வைத்தா விட்டார்கள், அல்லது மறந்தா விட்டார்கள் என்ற கேள்விக்கு அந்தப் புத்தகத்தில் விடை இல்லை.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. மூன்றாம் நபருக்குத் தர வேண்டிய பணத்திலிருந்து கம்பெனி தப்பிக்க, அப்போதைய 149-ஆம் பிரிவு சில காரணங்களை மட்டுமே அனுமதித்தது. அவற்றில் ஒன்று, முக்கியமான உண்மையை மறைத்துப் பாலிசி வாங்கியது. பிரேக்கை மாற்றியதை இவர் கம்பெனியிடம் சொல்லவில்லை என்பது நிஜம். அதற்கு நாங்கள் வைத்த பதில் இரண்டு. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதது மறைத்ததாகாது. கேட்டதாகச் சொல்லும் கம்பெனி, கேள்வி அச்சிட்ட விண்ணப்பப் படிவத்தைக் கோர்ட்டில் காட்ட வேண்டும். வருடா வருடம் ஏஜென்ட் வீட்டுக்கு வந்து காசோலை வாங்கிக்கொண்டு போன பாலிசி அது. படிவம் வரவில்லை. அடுத்தது, லைசென்ஸ் தொடர்பான ஸ்வரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பாலிசி நிபந்தனையை மீறினார் என்பதை நிரூபிக்க வேண்டியது கம்பெனி, அந்த மீறல் விபத்துக்கே காரணமாக அமையும் அளவுக்கு அடிப்படையானதாக இருக்க வேண்டும். அந்தக் கொள்கை இங்கும் பொருந்தும் என்று வாதிட்டோம். டிஸ்க் போட்டதா அந்தத் தொழிலாளியின் காலை உடைத்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் அவருடைய வீட்டு ஷெட்டுக்குப் போனேன். வண்டி எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அவர் உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் பின்னால் நின்றேன். மிதித்துவிட்டு, "எரியுதுங்களா?" என்றார். எரியவில்லை என்றேன். கொஞ்சம் பலமாக மிதித்தார். அப்போது எரிந்தது. மறுபடி மெல்ல மிதித்தார், எரியவில்லை. இந்தக் காலத்துக் கார்களில் பெடலை அசைத்ததுமே தொடர்பு கிடைக்கும்படி பிரேக் லைட் ஸ்விட்ச் பெடலுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தக் கால ஆங்கிலேயக் கார்களில் அது பிரேக் ஆயில் ஓடும் குழாயிலேயே திருகப்பட்டிருக்கும். ஆயிலின் அழுத்தம் ஏறினால்தான் உள்ளே தொடர்பு ஏற்பட்டு லைட் எரியும். வயதாக ஆக, அதற்கு வேண்டிய அழுத்தம் கூடிக்கொண்டே போகும். குனிந்து அதைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். கட்டைவிரல் அளவு பித்தளை, மேலே இரண்டு தகட்டு முனை, விளிம்பில் பச்சைக் களிம்பு. பிரேக்கில் அத்தனையும் மாற்றியவர் இதை மட்டும் மாற்றவில்லை. வேலை செய்கிறது என்று நினைத்தார். வேலை செய்யவும் செய்தது, பலமாக மிதித்தால்.

அந்த நிமிடத்தில் வழக்கு தலைகீழாகத் திரும்பியது. திடீரென்று பிரேக் போட்டார் என்று போலீஸ் எழுதியது தவறு; திடீரென்று போட்டிருந்தால் லைட் எரிந்திருக்கும். கன்றுக்குட்டியைத் தூரத்திலேயே பார்த்து, நிதானமாக, மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்ததால்தான் லைட் எரியவில்லை. கடைசியில் அழுத்தி நிறுத்தியபோது எரிந்தது, அதற்குள் பின்னால் வந்தவர் நெருங்கிவிட்டார். "லைட்டே எரியலீங்க ஐயா, திடுதிப்புனு நின்னுட்டாங்க" என்று தொழிலாளி சாட்சி சொன்னது அவர் கண்ணுக்குப் பட்ட உண்மை. நான் மெதுவாகத்தான் நிறுத்தினேன் என்று இவர் சொன்னதும் உண்மை. மாற்றிய உறுப்பு மேல் தப்பே இல்லை. பழைய மாதிரியிலேயே விட்டுவைத்த உறுப்பு மேல்தான் தப்பு. உற்பத்தியாளர் வைத்தது போலவே இருக்க வேண்டும் என்ற விதியின் தராசில் டிஸ்க் குற்றவாளி, அந்த ஸ்விட்ச் நிரபராதி.

இதை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. சாட்சிக்கு வக்கீல்கள் சொல்லும் பாடம் பழையது: கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்லாதீர்கள். பொய் சொல்லச் சொல்வது வேறு, வலிய வந்து சொல்லாமல் இருப்பது வேறு. சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. நானும் அதைத்தான் சொன்னேன். தவிர, பாலிசியில் அச்சடித்த நிபந்தனை ஒன்று உண்டு. கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பாலிசிதாரர் தன் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது. அதாவது கோர்ட்டில் ஏறி, என் வண்டியில் குறை இருந்தது என்று உண்மையைச் சொன்னால், அதையே நிபந்தனை மீறல் என்று காட்டி, பணத்தைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு இவரிடமிருந்து வசூலிக்கக் கம்பெனி கேட்கலாம். வயதான காலத்தில் பென்ஷன் இல்லாத மனிதர். வீட்டை விற்க வேண்டி வரலாம் என்றும் சொல்லி வைத்தேன். கிரிமினல் வழக்கு அதற்கு முன்பே விடுதலையில் முடிந்திருந்ததால் அந்தப் பயம் மட்டும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்சு போச்சுங்களே வக்கீல் சார். அதையும் அஃபிடவிட்ல எழுதிடுங்க" என்றார். எழுதினேன்.

கம்பெனியின் வக்கீல் என்னைவிட மூத்தவர், இன்சூரன்ஸ் வழக்குகளில் பழுத்தவர். குறுக்கு விசாரணையில் அவர் கேட்ட ஒரு கேள்வியை இன்றும் ஜூனியர்களுக்குச் சொல்கிறேன். "டிஸ்க் போட்ட பிறகு வண்டி முன்னைவிடச் சீக்கிரம் நிற்கிறதா, இல்லையா?" ஆம் என்றால், இயல்புக்கு மீறி நிற்கும் வண்டியால் பின்னால் வந்தவர் ஏமாந்தார் என்று ஆகிவிடும். இல்லை என்றால், பிறகு எதற்கு மாற்றினீர்கள், பாதுகாப்பு என்று சொன்னதெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். என் கட்சிக்காரர் யோசிக்கவே இல்லை. "ஒரு தடவை நிறுத்துறதுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க. சக்கரத்தைப் பூட்டுற அளவுக்கு டிரம்மும் பிடிக்கும். அதுக்கு மேல எவ்வளவு தூரத்துல நிக்கும்ங்கிறது டயர் கையில. டிஸ்க் போட்டா, பதினாலு வளைவு இறங்கின பிறகும் மொத வளைவு மாதிரியே நிக்கும். அவ்வளவுதான்." நீதிபதி டைப்பிஸ்டுக்குச் சொல்ல வேண்டிய வாசகத்தை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். கடைசியில் வாக்குமூலத்தில் ஏறியது இப்படி: "டிஸ்க் பிரேக் பொருத்தியதால் வண்டி நிற்கும் தூரம் குறையவில்லை என்றால் சரிதான்." மலையும் வளைவும் கோர்ட் தமிழில் கரைந்துவிட்டன. மேல்முறையீட்டு நீதிபதிகள் படிப்பது அந்த ஒரு வரியைத்தான்.

மூத்தவர் விடவில்லை. லைட் தாமதமாக எரிந்ததற்கே நீங்கள் பிரேக்கை மாற்றியதுதான் காரணம் என்று அடுத்ததாகப் போட்டார். அதற்கும் மில் என்ஜினியரிடம் விடை இருந்தது. டிரம்மில் சுழற்சியே ஷூவை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் காலுக்கு வேலை குறைவு. டிஸ்கில் அந்த உதவி கிடையாது, அழுத்தம் கூட்டும் சர்வோவும் அந்த வண்டியில் இல்லை, ஆகவே அதே அளவு வேகம் குறைக்க முன்னைவிடப் பலமாக அழுத்த வேண்டும், ஆயிலின் அழுத்தமும் கூடும். டிரம்மே இருந்திருந்தால் லைட் இன்னும் தாமதமாகத்தான் எரிந்திருக்கும். கம்பெனியின் பக்கம் இதை மறுக்க நிபுணர் யாரையும் கூப்பிடவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்கள்; பிரேக் லைட்டைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டதற்கு, மிதித்துப் பார்த்தேன், எரிந்தது என்றார். பலமாக மிதித்திருக்கிறார். சோதனை செய்கிறவர் வேறு எப்படி மிதிப்பார்?

தீர்ப்பு கம்பெனிக்கு எதிராக வந்தது. பிரேக் வகை ஆர்.சி.யில் இல்லாததால் 52-ஆம் பிரிவு மீறல் இல்லை. படிவம் தாக்கலாகாததால் மறைத்தார் என்பதும் நிரூபணமாகவில்லை. டிஸ்க்குக்கும் விபத்துக்கும் தொடர்பு இல்லை. உரிமையாளரிடம் வசூலிக்கும் உரிமையும் தரப்படவில்லை. ஆனால் கவனக்குறைவு யாருடையது என்ற பகுதியைப் படித்தபோது என் கட்சிக்காரர் முகம் சுருங்கியது. பிரேக் அமைப்பு முழுவதையும் தன் கையால் கழற்றி மாட்டிய, இத்தனை நுட்பம் தெரிந்த ஒருவர், பிரேக் லைட் எந்த அழுத்தத்தில் எரிகிறது என்று பார்த்திருக்க வேண்டும் என்று நீதிபதி எழுதியிருந்தார். ஒன்றும் அறியாத ஒருவர் வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டு எடுத்துவந்திருந்தால் இந்த வரி வந்திருக்காது. அக்கறை எடுத்துக்கொண்ட மனிதருடைய அக்கறையே அவருடைய தப்பை அளக்கும் கோலாகிவிட்டது. சட்டப்படி அதில் பிழை சொல்ல எனக்கு இடமில்லை.

தொழிலாளிக்கும் பங்கு விழுந்தது. முன்னால் போகும் வண்டி திடீரென்று வேகம் குறைத்தாலும் நின்றாலும் மோதாமல் தப்பிக்கும் அளவு இடைவெளி விட்டுத்தான் பின்னால் வர வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளில் 23-ஆவது விதி சொன்னது. அந்த விதிக்கு லைட் எரிந்ததா இல்லையா என்பது ஒரு பொருட்டல்ல. மூன்றில் ஒரு பங்கு தப்பு அவருடையது என்று தீர்மானித்து, இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார்கள். காலையில் மண்டிக்கு நேரமாகிவிட்டால் அன்றைய சுமை வேறொருவருக்குப் போய்விடும் என்று முன்னால் போகும் வண்டியை ஒட்டியே ஓட்டிப் பழகிய மனிதர். அவசரத்துக்கு விதியில் தள்ளுபடி இல்லை.

கிடைத்த பணமும் அவர் கைக்கு நேராக வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் இழப்பீட்டுத் தொகையைப் பிறர் ஏமாற்றிப் பறித்துவிடக் கூடாது என்பதற்காக, அதை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு வட்டியை மட்டும் எடுக்க விட வேண்டும் என்று சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-ல் வழிகாட்டியிருந்தது. நல்ல நோக்கம், எத்தனையோ விதவைகளின் பணத்தை அது காப்பாற்றியும் இருக்கிறது. பிழைப்புக்கான பொருள் வாங்க முன்கூட்டியே எடுக்க அனுமதிக்கலாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. சுமக்க முடியாதவர் தள்ளுவண்டி வைத்து வெங்காயம், உருளைக்கிழங்கு விற்கலாம் என்று நினைத்து அவருடைய வக்கீல் மூலம் மனு போட்டார். தள்ளுவண்டிக்குக் கொட்டேஷன் எங்கே என்று ஆபீசில் கேட்டார்கள். தள்ளுவண்டி செய்கிற ஆசாரியிடம் லெட்டர்பேடு இருக்குமா? மனு சில முறை திரும்பி, கடைசியில் ஒரு வெல்டிங் பட்டறையின் சீல் குத்திய காகிதத்தோடு அனுமதி கிடைத்தது. அதற்குள் வெங்காய சீசன் முடிந்துவிட்டதாக அவருடைய வக்கீல் என்னிடம் சொன்னார்.

வழக்கு முடிந்ததும் என் கட்சிக்காரர் ஒரு விண்ணப்பத்தோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார். டிஸ்க் பிரேக் பொருத்தியிருப்பதை ஆர்.சி.யில் ஏற்றிக்கொடுங்கள் என்று கேட்டார். அதற்குக் கட்டம் இல்லை, ஆகவே ஏற்ற முடியாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். கோர்ட்டில் எங்களை ஜெயிக்க வைத்த அதே காலி இடம்தான். விண்ணப்பத்தின் நகலையும் திரும்பி வந்த குறிப்பையும் அவர் ஃபைலில் வைத்துக்கொண்டார், அது நல்ல வேலை.

அதற்குப் பிறகு சட்டம் இறுகியது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: சட்டம் அனுமதிக்காத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிரேக்கை மேம்படுத்தியவரும் சைலன்சரைப் பிடுங்கிவிட்டு ஊரை அலறவைப்பவரும் ஒரே பிரிவின் பார்வையில் நிற்கிறார்கள். 2021-ல் வந்த பழங்கால வாகன விதிகள் இன்னொரு பக்கம். 50 வயது தாண்டிய காருக்கு 20,000 ரூபாய் கட்டித் தனி வரிசையில் பதிவு செய்துகொள்ளலாம். வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. பிரேக்கை அங்கேயும் குறிப்பிடவில்லை. ஆனால் அந்தப் பதிவு எண்ணோடு கண்காட்சிக்கும் ராலிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் ஓட்டலாம். மாதம் ஒரு முறை குன்னூருக்குப் போய் டீ குடித்துவிட்டு வர முடியாது.

பழைய காருக்கு பிரேக் மாற்றலாமா என்று இப்போதும் என்னிடம் கேட்டு வருகிறார்கள். அந்தக் காரையே செய்த கம்பெனி பின்னால் வந்த மாடலில் வைத்த உறுப்பாக இருந்தால் வழக்காட எளிது. எங்கிருந்தோ வந்த உறுப்பாக இருந்தால் நான் பொறுப்பில்லை. லேத் பட்டறையில் கேட்டு பில் வாங்குங்கள். என்ன மாற்றினீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தபாலில் எழுதி, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பாலிசியோடு வையுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் விண்ணப்பம் கொடுங்கள். மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு யாரையாவது வண்டிக்குப் பின்னால் நிற்கவைத்து, பெடலை மெல்ல, மிக மெல்ல அழுத்தி, லைட் எப்போது எரிகிறது என்று கேளுங்கள்.